பழைய டிராக்டரும் ஏற்ற மசகும்

நுழையும்முன்

மாட்டின் கண்ணையும் காதையும் பார்த்தே அதன் நோயை அறிந்துகொண்டது உழவர் மரபு. ஏர்மாடுகள் நின்ற கொட்டிலில் இன்று டிராக்டர் நிற்கிறது. இயந்திரத்துக்கும் பசி உண்டு, நோய் உண்டு, அவற்றைக் காட்டும் குறிகளும் உண்டு. அக்குறிகளைப் படிக்கத் தெரிந்தவரின் கையில் பழைய இயந்திரமும் நெடுங்காலம் உழைக்கிறது. எண்ணெய் வாளியின்மீது அச்சிடப்பட்ட சில எழுத்துகளும் எண்களும் உணர்த்தும் பொருளை இப்பாடம் விளக்குகிறது.

மசகு என்னும் சொல்

மாட்டுவண்டியின் அச்சு தேயாமலும் கிறீச்சிடாமலும் சுழல்வதற்காக அதில் மசகு இடுவது வழக்கம். வைக்கோல் கரியை விளக்கெண்ணெயில் குழைத்து உழவர்களே அதனை ஆக்கிக்கொண்டனர். 'வண்டி மை' என்றும் அது வழங்கப்பட்டது. இயந்திரங்கள் வந்தபோது அச்சொல் வழக்கொழியவில்லை. 'மசகு எண்ணெய்' என விரிந்து புதிய பொருளையும் ஏற்றுக்கொண்டது. அறிவியல் நூல்கள் 'உயவு எண்ணெய்' என்கின்றன. கடைத்தெருவில் 'எஞ்சின் ஆயில்' என்றால்தான் விளங்கும். சொல் எதுவாயினும் பொருள் ஒன்றே: உராயும் இரு பரப்புகளுக்கு இடையே நின்று, இரண்டையும் காப்பது.

இந்தியாவில் டிராக்டர் உற்பத்தி 1959இல் ஐச்சர் நிறுவனத்தின் ஃபரிதாபாத் ஆலையில் தொடங்கியது. 1960இல் சென்னையில் டாஃபே நிறுவனம் உருவானது. துர்காப்பூரில் உள்ள மத்திய இயந்திரப் பொறியியல் ஆராய்ச்சி நிறுவனத்தின் வடிவமைப்பைக் கொண்டு, 1974இல் பஞ்சாபில் சுவராஜ் டிராக்டர் வெளிவந்தது. முப்பது, நாற்பது ஆண்டுகளுக்கு முன் வாங்கிய டிராக்டர்கள் இன்றும் வயலில் இறங்குகின்றன. பல கைகள் மாறி வந்த அவற்றுள் பலவற்றுக்குக் கையேடு இல்லை. எந்த எண்ணெய் இடுவது என்னும் கேள்விக்குக் கடைக்காரர் ஒன்று சொல்கிறார். ஓட்டுநர் ஒன்று சொல்கிறார். பட்டறையில் வேறொன்று சொல்கிறார்கள். விடை தவறினால் வரும் இழப்பு பெரிது. மேட்டூர் அணையை ஜூன் 12ஆம் நாள் திறப்பது மரபு. வாய்க்காலில் நீர் வந்த வாரத்தில் டிராக்டர் பட்டறையில் கிடந்தால், அந்த நீர் காத்திருப்பதில்லை. நாற்றங்காலின் பருவமும் காத்திருப்பதில்லை.

எண்ணெயின் ஐந்தொழில்

டீசல் இயந்திரத்தினுள் எண்ணெய் ஐந்து தொழில்களைச் செய்கிறது. முதலாவது, உராய்வைக் குறைத்தல். இரண்டாவது, பிஸ்டனும் தாங்கிகளும் பெறும் வெப்பத்தை ஏந்திச்சென்று அடித்தொட்டியில் ஆற்றுதல். மூன்றாவது, எரிதலில் உண்டாகும் கரித்துகளைத் தன்னுள் மிதக்கவைத்து இயந்திரத்தைத் தூய்மையாக வைத்திருத்தல். நான்காவது, பிஸ்டன் வளையங்களுக்கும் உருளைச் சுவருக்கும் இடையிலுள்ள நுண்ணிய இடைவெளியை அடைத்து, அழுத்தம் கசியாமல் காத்தல். ஐந்தாவது, துருவும் அமில அரிப்பும் நேராமல் தடுத்தல்.

டீசலில் உள்ள கந்தகம் எரியும்போது அமிலம் உருவாகிறது. அதனை முறிப்பதற்காகவே எண்ணெயில் காரத்தன்மையுள்ள வேதிப்பொருள்கள் சேர்க்கப்படுகின்றன. 2020 ஏப்ரல் 1 முதல் இந்தியா முழுவதும் விற்கப்படும் பாரத் நிலை-6 டீசலில் கந்தகத்தின் உச்ச அளவு ஒரு கிலோகிராமுக்கு 10 மில்லிகிராம். அதற்கு முந்தைய பாரத் நிலை-4 டீசலில் அது 50 மில்லிகிராமாக இருந்தது. ஆகவே அமிலத்தால் வரும் கேடு முன்னைவிடக் குறைந்துள்ளது. ஆயினும் கரியும் புழுதியும் ஈரமும் குறையவில்லை. எண்ணெயின் பிற தொழில்கள் அப்படியே நிற்கின்றன.

தெறித்து விழுந்த முளை

உலோகத்தின்மீது உலோகம் அழுந்திச் சுழலும்போது எண்ணெய் எவ்வாறு அவற்றைப் பிரித்து நிறுத்துகிறது? இதற்கான விடை தற்செயலாகத் தொடங்கிய ஓர் ஆய்வில் கிடைத்தது. இங்கிலாந்தின் பீச்சம் டவர் என்னும் பொறியாளர் தொடர்வண்டிச் சக்கர அச்சுகளின் தாங்கிகளை ஆராய்ந்து 1883இல் அறிக்கை அளித்தார். தாங்கியின் மேற்புறத்தில் எண்ணெய் விடுவதற்காக அவர் ஒரு துளை இட்டிருந்தார். அச்சின் அடிப்பகுதி எண்ணெயில் தோய்ந்து சுழன்றபோது, மேல்துளை வழியாக எண்ணெய் பொங்கி வெளியேறியது. துளையைத் தக்கையால் அடைத்தார், தக்கை தெறித்தது. மரமுளையால் அடைத்தார், அதுவும் மெல்ல வெளியே தள்ளப்பட்டது. அழுத்தமானியைப் பொருத்திப் பார்த்தபோது, தாங்கியின்மீது இருந்த சராசரிச் சுமை அழுத்தத்தைப்போல் இருமடங்குக்கும் மேலான அழுத்தம் எண்ணெயில் இருப்பது தெரிந்தது.

இதற்கான கணித விளக்கத்தை ஆசுபார்ன் ரெனால்ட்சு என்னும் அறிஞர் 1886இல் வெளியிட்டார். சுழலும் தண்டு எண்ணெயைத் தன்னோடு இழுத்துச்சென்று, குறுகிவரும் இடைவெளியில் ஆப்புப்போல் செலுத்துகிறது. அந்த எண்ணெய் ஆப்பே தண்டினைத் தூக்கி நிறுத்துகிறது. சுமை, வேகம், இடைவெளி, எண்ணெயின் பாகுத்தன்மை ஆகிய நான்கும் பொருந்தினால்தான் மயிரிழையினும் மெல்லிய அந்தப் படலம் அறுபடாமல் நிற்கும். சுமையை வயல் தீர்மானிக்கிறது. வேகத்தை ஓட்டுநர் தீர்மானிக்கிறார். இடைவெளி இயந்திரத்தை வடித்தவர் வைத்தது. வாங்குபவரின் கையில் இருப்பது பாகுத்தன்மை ஒன்றே. பழைய இயந்திரத்துக்கு எண்ணெய் தேர்வது எத்துணைப் பொறுப்புடைய செயல் என்பதை இதனால் உணரலாம்.

எண்கள் சொல்வது

எண்ணெய் வாளியின்மீது 'எஸ்.ஏ.இ. 15டபிள்யூ-40', '20டபிள்யூ-40' என்பனபோன்ற குறிகள் காணப்படும். எஸ்.ஏ.இ. என்பது அமெரிக்காவில் 1905இல் தோன்றிய தானூர்திப் பொறியாளர் கழகத்தின் பெயர்ச்சுருக்கம். அக்கழகம் வகுத்த பாகுத்தன்மைத் தரங்களே இந்த எண்கள். இவை எடையைக் குறிப்பன அல்ல. வெப்பநிலையைக் குறிப்பனவும் அல்ல.

'டபிள்யூ' என்னும் எழுத்து ஆங்கிலத்தில் குளிர்காலத்தைச் சுட்டும் சொல்லின் முதலெழுத்து. அதன் முன்னுள்ள எண், கடுங்குளிரில் எண்ணெய் எவ்வளவு எளிதாக இளகி ஓடும் என்பதைக் காட்டும். எண் சிறிதாயின் ஓட்டம் எளிது. பின்னுள்ள எண், இயந்திரம் சூடேறிய நிலையில் எண்ணெய் எவ்வளவு தடிப்பாக நிற்கும் என்பதைக் காட்டும். 100 பாகை செல்சியசில் அளக்கும்போது 30ஆம் தர எண்ணெயின் பாகுத்தன்மை 9.3 முதல் 12.5 வரையிலும், 40ஆம் தரத்தது 12.5 முதல் 16.3 வரையிலும், 50ஆம் தரத்தது 16.3 முதல் 21.9 வரையிலும் அமையும். இதன் அலகு சென்டிஸ்டோக்.

15டபிள்யூ எண்ணெயின் குளிர்ச்சோதனைகள் உறைநிலைக்குக் கீழே 20 பாகையிலும் 25 பாகையிலும் நடத்தப்படுகின்றன. தஞ்சையிலோ மதுரையிலோ அத்தகைய குளிர் இல்லை. எனவே தமிழ்நாட்டுச் சமவெளியில் 15டபிள்யூ-40, 20டபிள்யூ-40 ஆகிய இரண்டும் விடியற்காலையில் தடையின்றி ஓடும். இங்குக் கூர்ந்து நோக்க வேண்டியது பின்னெண்ணையே. வெயில் கொளுத்தும் பகலில் ரொட்டவேட்டரை இழுத்துக்கொண்டோ, இரும்புக் கூண்டுச் சக்கரம் பூட்டிச் சேற்றுழவு செய்துகொண்டோ மணிக்கணக்கில் உழைக்கும் இயந்திரத்தில், சூடேறிய எண்ணெயின் படலமே தாங்கிகளைக் காக்கிறது.

பழைய கையேடுகளில் 'எஸ்.ஏ.இ. 30' அல்லது 'எஸ்.ஏ.இ. 40' என ஒற்றை எண் மட்டும் இருப்பதுண்டு. அது ஒற்றைத் தர எண்ணெய். இரண்டு எண்கள் கொண்டது பல்தர எண்ணெய். சூட்டில் எண்ணெய் மிகவும் நீர்த்துப்போகாமல் இருக்கச் சில பலபடிச் சேர்மங்களைக் கலந்து பல்தர எண்ணெயை ஆக்குகின்றனர். 40ஆம் ஒற்றைத் தரம் கேட்கும் இயந்திரத்துக்கு 15டபிள்யூ-40 எண்ணெயும் சூட்டில் அதே தடிப்பைத் தரும். குளிர்ந்த நிலையில் அதனினும் விரைவாகத் தாங்கிகளைச் சென்றடையும்.

தெரியுமா?

வண்டி அச்சுக்கு உதவிய ஆமணக்கு எண்ணெய், தொடக்ககால வானூர்திகளுக்கும் பந்தய ஊர்திகளுக்கும் மசகாக உதவியது. காஸ்ட்ரால் என்னும் வணிகப்பெயர், ஆமணக்கு எண்ணெயைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லிலிருந்து பிறந்ததே.

எழுத்துகள் சொல்வது

பாகுத்தன்மை ஒத்த இரு எண்ணெய்கள் தரத்தால் வேறுபடலாம். அத்தரத்தைக் காட்டுவது அமெரிக்கப் பெட்ரோலிய நிறுவனம் வகுத்த ஏ.பி.ஐ. குறியீடு. அதில் 'எஸ்' என்று தொடங்குவன பெட்ரோல் இயந்திரங்களுக்கு உரியவை. 'சி' என்று தொடங்குவன டீசல் இயந்திரங்களுக்கு உரியவை. டீசல் வரிசையில் சிஎஃப்-4 என்னும் தரம் 1990இலும், சிஎச்-4 1998இலும், சிஐ-4 2002இலும், சிகே-4 2016இலும் அறிமுகமாயின. ஈற்றிலுள்ள 4 என்னும் எண் நான்கு வீச்சு இயந்திரத்தைக் குறிக்கும். சில வாளிகளில் இரு வரிசைகளின் எழுத்துகளும் இருக்கும். அவற்றில் டீசல் தரம் தெளிவாகக் குறிக்கப்பட்டுள்ளதா எனப் பார்த்தே டிராக்டருக்கு வாங்க வேண்டும். மகிழுந்தின் பெட்ரோல் இயந்திரத்துக்கு மட்டுமே உரிய எண்ணெய், டீசல் கரியைச் சுமப்பதற்கு ஏற்றதன்று.

சிஎஃப்-4 கேட்கும் இயந்திரத்தில் சிஎச்-4 அல்லது சிஐ-4 எண்ணெயை இடலாம். பிந்தைய தரம் முந்தையதன் பணியையும் செய்யும். ஆனால் எல்லாப் புதியதும் பழையதற்குப் பொருந்தும் என்று கருதிவிடலாகாது. சிகே-4 தரத்தோடு சேர்ந்து வெளிவந்த எஃப்ஏ-4 என்னும் தரம், எரிபொருள் சிக்கனத்துக்காக மெல்லிய எண்ணெயை ஏற்கும்படி வடிக்கப்பட்ட புதிய இயந்திரங்களுக்கு உரியது. அதனைப் பழைய டிராக்டரில் இடுதல் கூடாது.

பழைய இயந்திரத்தின் இயல்பு

கையேடு இருப்பின் அது சொல்வதே முதல் விடை. கையேடு இல்லையெனில், இயந்திரத்தின்மீது பதித்துள்ள உலோகத் தகட்டில் வகைப்பெயரும் வரிசை எண்ணும் இருக்கும். அவற்றைக் குறித்துக்கொண்டு, அந்நிறுவனத்தின் விற்பனை நிலையத்தில் கேட்டறியலாம். வெப்பநாடுகளில் உழைக்கும் பழைய டீசல் டிராக்டர்கள் பலவற்றுக்கு 15டபிள்யூ-40 அல்லது 20டபிள்யூ-40 பாகுத்தன்மையும் சிஎஃப்-4 அல்லது அதற்கு மேற்பட்ட டீசல் தரமும் பொருந்துகின்றன.

நெடுங்காலம் தரங்குறைந்த எண்ணெயில் ஓடிய இயந்திரத்தின் அடியில் கசடு படிந்திருக்கும். தூய்மையாக்கும் ஆற்றல் மிகுந்த புதிய எண்ணெயை இட்டவுடன் அக்கசடு பெயர்ந்து, வடிகட்டியையும் எண்ணெய் உறிஞ்சும் வலையையும் அடைத்துவிடக்கூடும். ஆகவே அடித்தொட்டியைக் கழற்றிக் கழுவிவிட்டு எண்ணெய் மாற்றுவதும், முதல்முறை இட்ட புதிய எண்ணெயையும் வடிகட்டியையும் வழக்கத்தினும் விரைவாக மாற்றிவிடுவதும் அறிவுடைமை.

கியர்ப் பெட்டிக்கும் நீரியல் தூக்கிக்கும் உரிய எண்ணெய் வேறு. இயந்திரத்துக்கு வாங்கியதில் மிஞ்சியதை அங்கு ஊற்றுவது முறையன்று.

வழக்கிலுள்ள தவறான எண்ணங்கள்

'எண்ணெய் கறுத்துவிட்டால் கெட்டுவிட்டது' என்பது ஒன்று. டீசல் இயந்திரத்தில் புதிய எண்ணெய் சில மணி நேரத்திலேயே கறுக்கும். கரித்துகளைத் தன்னுள் ஏந்திக்கொண்டதற்கு அந்தக் கருமையே சான்று. மாறாக, நெடுநாள் ஓடியும் தெளிவாகவே இருக்கும் எண்ணெய் கரியை ஏந்தாமல் உள்ளே படியவிட்டிருக்கலாம். மாற்ற வேண்டிய காலத்தை நிறம் சொல்லாது. ஓடிய மணிக்கணக்கே சொல்லும்.

'தடித்த எண்ணெயே பழைய இயந்திரத்துக்கு நல்லது' என்பது மற்றொன்று. தேய்ந்த இயந்திரத்தில் தடித்த எண்ணெய் இட்டால் அழுத்தமானியின் முள் உயர்வது உண்மை. ஆனால் முள் உயர்வதும் எண்ணெய் உரிய இடத்தை அடைவதும் வெவ்வேறு. மிகத் தடித்த எண்ணெய் காலையில் வால்வுப் பகுதியை அடையத் தாமதமாகும். தேய்மானத்தின் பெரும்பங்கு நேர்வது அந்த முதல் நிமிடங்களில்தான். கையேடு அனுமதிக்கும் எல்லைக்குள் ஒரு படி தடித்ததை இடலாம். அதற்கு மேல் செல்வது நோயை மறைப்பதாகுமே தவிரத் தீர்ப்பதாகாது. தேய்ந்த உலோகத்தை எந்த எண்ணெயாலும் வளர்க்க இயலாது.

'விலை மிகுந்ததை இட்டால் நெடுநாள் மாற்ற வேண்டியதில்லை' என்பது மூன்றாவது. பழைய இயந்திரத்தில் வளையங்களின் வழியே கரியும் டீசலும் எண்ணெயில் மிகுதியாகக் கலக்கும். விலைமிகுந்த எண்ணெயும் அவற்றால் கெடும். பொருத்தமான எண்ணெயை உரிய காலத்தில் மாற்றுவதே சிக்கனம்.

குறிகளைப் படித்தல்

டிராக்டரைச் சமதரையில் நிறுத்தி, இயந்திரம் ஓய்ந்து சில நிமிடங்கள் கழிந்தபின் அளவுக்கம்பியை உருவிப் பார்த்தல் நாள்தோறும் செய்யத்தக்கது. எண்ணெய் பாலும் தேநீரும் கலந்ததுபோல் வெளுத்திருந்தால் நீர் கலந்துள்ளது என்று பொருள். சேற்றில் மூழ்கி உழைக்கும் டிராக்டரில் இதனைச் சிறப்பாகக் கவனிக்க வேண்டும். ஊற்றாமலே எண்ணெய் மட்டம் உயர்ந்து டீசல் மணம் வீசினால், எரிபொருள் அமைப்பில் கசிவு உள்ளது. விரலிடையில் தேய்க்கும்போது மினுக்கும் பொடி தட்டுப்பட்டால் தாங்கி தேய்கிறது. புகைபோக்கியில் நீலப்புகை வந்தால் எண்ணெய் எரிகிறது. இவற்றுள் எதுவும் எண்ணெயின் பெயரை மாற்றுவதால் தீராது. முதலில் நோயை அறிந்து நீக்கி, அதன்பின் புதிய எண்ணெய் இட வேண்டும்.

காற்று வடிகட்டியையும் மறத்தலாகாது. பழைய டிராக்டர்களில் எண்ணெய்க் கிண்ணத்துடன் கூடிய வடிகட்டி இருக்கும். புழுதிக்கால் உழவில் அக்கிண்ணம் மண்ணால் நிறைந்தால், மண்துகள் உள்ளே சென்று உருளைச் சுவரை அறுக்கும். அப்போது எவ்வளவு உயர்ந்த எண்ணெயும் பயன்படாது.

மாற்றும் முறை

டிராக்டரின் உழைப்பு தொலைவால் அன்றி மணியால் அளக்கப்படுகிறது. 250 மணிக்கு ஒருமுறை மாற்ற வேண்டிய இயந்திரம் பருவத்தில் நாளொன்றுக்கு 8 மணி உழைத்தால், ஏறத்தாழ 31 நாள்களில் அந்த எல்லையை எட்டிவிடும். மணிமானி பழுதாகியிருந்தால் ஒரு குறிப்பேடே போதும். மணிக்கணக்கு நிறையாவிடினும் ஈரமும் அமிலமும் சேர்வதால் ஆண்டுக்கு ஒருமுறை மாற்றுதல் நன்று.

இயந்திரம் இளஞ்சூடாக இருக்கும்போது வடித்தால் கசடும் சேர்ந்து வெளியேறும். எண்ணெயுடன் வடிகட்டியையும் மாற்ற வேண்டும். புதிய எண்ணெயை அளவுக்கம்பியின் இரு கோடுகளுக்கு இடையில் நிற்குமாறு ஊற்ற வேண்டும். மிகுதியாக ஊற்றினால் சுழலும் தண்டு எண்ணெயைக் கடைந்து நுரையாக்கும். நுரையால் சுமையைத் தாங்க இயலாது. இயந்திரத்தைச் சிறிது நேரம் மெதுவாக ஓட்டி, அழுத்தமானியைப் பார்த்து, கசிவு இல்லை என்று உறுதிசெய்த பின்னரே வேலைக்குச் செலுத்த வேண்டும்.

வடித்த எண்ணெயை வரப்போரத்தில் கொட்டுதல் பெருந்தவறு. அதிலுள்ள உலோகத்துகளும் நச்சுச் சேர்மங்களும் மண்ணையும் கிணற்று நீரையும் கெடுக்கும். 2016ஆம் ஆண்டின் இடர்மிகு கழிவு மேலாண்மை விதிகள் பயன்படுத்திய எண்ணெயைத் தம் வரம்பினுள் கொண்டுவந்துள்ளன. மூடியுள்ள கலத்தில் சேர்த்து, மறுசுத்திகரிப்புக்கு அனுப்பும் உரிமம் பெற்றவரிடம் அதனை ஒப்படைக்க வேண்டும். உழுவதற்கு உதவிய எண்ணெய், உழும் மண்ணுக்கே பகையாகிவிடக் கூடாது.

பழைய டிராக்டர் பலருடைய குடும்பங்களில் கடன் அடைந்தபின் எஞ்சிய ஒரே உடைமை. அதனைக் காப்பதற்குப் பெரும்பொருள் வேண்டுவதில்லை. வாளியின்மீதுள்ள எண்ணையும் எழுத்தையும் படிக்கும் அறிவும், அளவுக்கம்பியின் நுனியைப் பார்க்கும் பழக்கமும், மணிக்கணக்கைக் குறிக்கும் ஒழுங்கும் வேண்டும். இம்மூன்றும் உடையவர் பிறர் சொல்லைக் கேட்டு ஐயுறாமல், தம் இயந்திரம் கேட்பதை அறிந்து இடுவார்.

கலைச்சொல் அறிவோம்

உயவு எண்ணெய் – உராயும் பரப்புகளுக்கு இடையே இடப்படும் எண்ணெய்
பாகுத்தன்மை – நீர்மம் ஓடுவதற்குத் தன்னுள் காட்டும் தடை
தாங்கி – சுழலும் தண்டினைச் சுமக்கும் உறுப்பு (பேரிங்)
பல்தர எண்ணெய் – குளிரிலும் சூட்டிலும் உரிய தரம் காட்டும் எண்ணெய்

கற்பவை கற்றபின்

1. உங்கள் ஊரிலுள்ள டிராக்டர் ஒன்றில் இடும் எண்ணெயின் வாளியைப் பார்த்து, அதிலுள்ள எண்களையும் எழுத்துகளையும் எழுதி, அவற்றின் பொருளைத் தமிழில் விளக்குக.
2. மாட்டுவண்டி ஓட்டிய பெரியவர்களிடம் மசகு ஆக்கிய முறையைக் கேட்டறிந்து, அதனோடு தொடர்புடைய வட்டாரச் சொற்களைத் தொகுக்க.

மதிப்பீடு

குறுவினா
1. எண்ணெய்க் குறியீட்டிலுள்ள 'டபிள்யூ' என்னும் எழுத்து எதனை உணர்த்துகிறது?
2. எஃப்ஏ-4 தர எண்ணெயைப் பழைய டிராக்டரில் இடலாகாது, ஏன்?

சிறுவினா
1. பீச்சம் டவரின் ஆய்வு உணர்த்திய உண்மையை விளக்குக.
2. டீசல் இயந்திரத்தின் எண்ணெய் கறுப்பது கேட்டின் அறிகுறியா? காரணம் தருக.

நெடுவினா
கையேடு இல்லாத பழைய டிராக்டரை வாங்கிய உழவர் ஒருவர், ஏற்ற எண்ணெயைத் தேர்ந்து மாற்றுவதற்குப் பின்பற்ற வேண்டிய படிநிலைகளைத் தொகுத்து எழுதுக.